ஆறாவது லேன்

லாசால், மொன்றியல்
16.10.2005

அன்புள்ள அத்தானுக்கு,

யோசெப்பின் எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் அங்கே உங்கள் அக்கா மச்சாளும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

போனில் நீங்கள் "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டிருக்க, தொலைபேசி அட்டையில் நிமிடம் முடிந்துவிடுகிறது. அதுதான் எழுதுவோம் என்று இருந்தேன். கடிதத்தில் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். மட்டக்களப்புக்குப் போன பத்து மாதத்தில் நீங்கள் போட்டது இரண்டே கடிதம். அதில் ஒன்று முழுக்க வாவித் தண்ணீரின் கலங்கலைப் பற்றி. நான் சாப்பிடுகிறேனா, நித்திரை கொள்கிறேனா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

ஒரு நல்ல செய்தி. நீச்சல் கழகம் என்னைத் திரும்ப எடுத்துவிட்டது. எனக்குப் போட்ட தடை செப்ரெம்பரோடு முடிந்தது. போட்டி அணியைத் தரமாட்டார்கள். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கால் அடிக்கப் பழக்க வேண்டும், மற்ற நாட்களில் விடியற்காலைப் பயிற்சிக்குக் லேன் பிரிக்கிற கயிறு கட்டி, மிதவைப் பலகை எடுத்து வைத்து, மரி-ஈவுக்கு உதவி செய்ய வேண்டும். மரி-ஈவ்தான் இப்போது தலைமைக் கோச். இருபத்தாறு வயதுப் பெட்டை, நீங்கள் பதினொரு வருடம் நின்ற இடத்தில் நிற்கிறாள். பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும்போது நான் கரையில் தனியாக நிற்கக் கூடாது என்று செயலாளர் கூட்டத்தில் வாசித்தார். முதலில் பிரெஞ்சில். எனக்கு விளங்கவில்லையோ என்று பிறகு ஆங்கிலத்திலும் வாசித்தார். நான் தலையை ஆட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்னம் அந்த விடிய, உயிர் காக்கிற காவலாள் வரமுதல் தனுஷிகாவைத் தண்ணீரில் இறங்க விட்டது நான். மற்றப் பிள்ளைக்கு மூக்கால் ரத்தம் வருகிறதென்று முதலுதவி அறைக்குப் போனதும் நான். நீங்கள் அலுவலக அறையில் இருந்தீர்கள். அவள் மூழ்கின நேரம் கரையில் இருக்க வேண்டியது நான்தான்.

இனி நான் எழுத வந்த விஷயம். பயித்தியம் என்று நினைக்காதையுங்கோ.

போன செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னம். லூக், அதுதான் எங்கட ஹெயிட்டிக்காரக் கட்டடக் காவலர், கதவைத் திறந்துவிட்டுத் தேநீர் போடப் போனார். பாதி விளக்குத்தான் எரிந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. சுவரில் நேரப் பலகை எரிந்துகொண்டிருந்தது. எல்லா வரியும் இல்லை, ஆறாவது லேன் மட்டும். அதில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அத்தான். ஆரோ இன்னும் நீந்துகிற மாதிரி. நாலு நிமிடம், ஐந்து நிமிடம், ஓடிக்கொண்டே இருந்தது. வார இறுதிப் போட்டிக்குப் பிறகு நிற்பாட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து மின் ஆளியை அணைத்தேன்.

புதனும் அப்படி. வியாழனும் அப்படி. வியாழன் நான் அணைக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். மரி-ஈவ் வந்ததும் தானாக நின்றுவிட்டது.

அந்த இயந்திரத்தை உங்களைப்போல் தெரிந்தவர் ஒருவரும் இங்கே இல்லை. ஏன் இப்படி என்று எழுதுங்கோ. மச்சாளுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மனைவி
யோசெப்பின்

---

கல்லடி, மட்டக்களப்பு
05.11.2005

அன்பின் யோசெப்பினுக்கு,

கடிதம் கிடைத்தது. குறை சொன்னது சரி. நீர் சாப்பிடுகிறீரா? நித்திரை கொள்கிறீரா? கேட்டுவிட்டேன்.

இங்கே எங்கள் உதவி நிறுவனத்தில் இப்போது முப்பத்தொரு பிள்ளைகள். கடலைக் கண்டால் கத்துகிறார்கள், அதனால் வாவியில்தான் பழக்குகிறேன். ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நிற்கப் பழக்கவே மூன்று மாதம் போனது. ஒருத்தி, ஒன்பது வயது, கயிற்றை விடவே மாட்டாள். "சேர், கீழ ஆக்கள் இருக்காங்க," என்கிறாள். சுனாமியில் தகப்பனும் இரண்டு தம்பிமாரும் போனவள். "இல்லையம்மா, சேறுதான்," என்கிறேன். அவளுக்காகக் காலால் சேற்றைக் கிளறிக் காட்டுகிறேன்.

நேரப் பலகை விஷயம். பயப்பட ஒன்றுமில்லை. சுவரில் தொங்குகிற மஞ்சள் தொடுபலகை பழசு. விடியற்காலை நீர் சூடாக்கும் பம்பு வேலை தொடங்கும்போது தண்ணீர் அழுத்தம் மாறும். உள்ளே மின் இழையில் ஈரம் ஏறியிருந்தால் அதுவே போதும், இயந்திரம் தானாகத் தொடங்கும். ஆறாவது லேன்தான் பம்புக் குழாய்க்குக் கிட்ட. பலகைகளைக் கழற்றிக் காய வைக்கச் சொல்லும். சரியாகிவிடும்.

கழகத்துக்குத் திரும்பப் போனது எனக்குச் சந்தோஷமில்லை. உம்மை அப்படி நிற்க வைத்து வாசித்துக் காட்டியவர்களிடம் ஏன் போகிறீர்? ரொறன்ரோவில் உமது தங்கச்சி கூப்பிடுகிறாள்தானே.

ஒன்று கேட்க மறந்தேன். நேரம் ஓடும்போது பக்கத்துக் கட்டத்தில், சுவரைத் தொட்டால் பதிகிற நேரம் ஏதும் தெரிந்ததா? எத்தனை?

அன்புடன்
ஞானசுந்தரம்

---

லாசால்
24.11.2005

அன்புள்ள அத்தானுக்கு,

முதற்பனி விழுந்துவிட்டது. உங்கள் பழைய சப்பாத்தை வாசலில் அப்படியே வைத்திருக்கிறேன், ஆள் இருக்கிற வீடு மாதிரி இருக்கட்டும் என்று.

நீங்கள் சொன்னதை மரி-ஈவிடம் சொன்னேன். தொடுபலகைகள் எல்லாவற்றையும் கழற்றிச் சாமான் அறையில் சாத்தி வைத்தோம். திருத்துகிற ஆள் வந்து நேரப் பலகையின் மின்கம்பியையும் பிடுங்கிவிட்டுப் போனான். உதிரிப் பாகம் வந்த பிறகுதான் திரும்பப் பூட்டுவானாம்.

அடுத்த நாள் வேண்டுமென்றே ஐந்து மணிக்கே போய்க் கரையோர வாங்கிலில் இருந்தேன். ஐந்து இருபதுக்கு ஆறாவது வரி எரிந்தது. கம்பி சுவரில் தொங்குகிறது, முனை என் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. சைபரில் இருந்து ஓடத் தொடங்கியது. 19.64இல் ஒரு தரம் நேரம் பதிந்தது. பிறகு 44.20இல் இன்னொரு தரம். அதோடு சரி, மூன்றாவதாக ஒன்றும் பதியவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் கேட்டீர்களே, எத்தனை என்று. இரண்டு. ஒவ்வொரு நாளும் அதே இரண்டு நேரம், ஒரு புள்ளி மாறாமல்.

பதிகிற நேரத்தில் சுவரில் கை படுகிற சத்தம் கேட்கிறது, அத்தான். தொட்டுத் திரும்புகிற சத்தம். கண்ணை மூடியிருந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும் அந்தச் சத்தம்.

மரி-ஈவ் ஒரு நாள் என்னோடு இருந்து பார்த்தாள். அடுத்த கிழமையே விடியற்காலைப் பயிற்சியை வேறு தடாகத்துக்கு மாற்றிவிட்டாள். தண்ணீர் குளிராம், அதுதான் காரணமாம்.

சனிக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளை லேன் லேனாகப் பிரித்துவிட்டோம். ஆறு வயது ஒலிவியே ஆறாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், இறங்கிப் போகமாட்டேன் என்கிறான். "ஏன் போகேல்லை?" என்று பிரெஞ்சில் கேட்டேன். "அவ போகட்டும், பிறகு போறன்," என்றான். பயமாகச் சொல்லவில்லை. வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரிச் சொன்னான். அவனுக்குத் தனுஷிகாவைத் தெரியாது. அவள் போகும்போது அவனுக்கு நாலு வயது, வேறு ஊரில் இருந்தவன்.

போன ஞாயிறு பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில் தனுஷிகாவின் தாய் இந்திராதேவியைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றா. என்னைக் கண்டதும் வண்டிலைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டா. இரண்டு வருடமாக அப்படித்தான். கோபமில்லை எனக்கு. அவ திட்டினால் நல்லது என்று இருக்கும்.

எத்தனை என்று ஏன் கேட்டீர்கள்? அதையும் எழுதுங்கோ.

உங்கள்
யோசெப்பின்

---

கல்லடி
14.12.2005

அன்பின் யோசெப்பின்,

கடிதம் வந்து நாலு நாளாகச் சட்டைப் பையிலேயே கிடந்தது. இங்கே சுனாமி ஒரு வருட நினைவுக்கு ஆயத்தம். ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு, படம். பிள்ளைகள் இந்தக் கிழமை தண்ணீரில் இறங்கவே இல்லை. கயிறு மட்டும் வாவியில் கிடக்கிறது.

நான் சும்மாதான் கேட்டேன். இயந்திரக் கோளாறு என்றால் எண்கள் கண்டபடி வர வேண்டும். ஒரே எண் வருகிறதென்றால் அதற்கும் விளக்கம் இருக்கிறது. இயந்திரத்துக்குள் நினைவுப் பகுதி ஒன்று உண்டு, கடைசியாகப் பதிந்த நேரங்கள் அழிக்காவிட்டால் அதிலேயே கிடக்கும். அன்றைக்கு அவள் எடுத்த நேரங்கள் அழிபடாமல் இருந்திருக்கும். கம்பியைப் பிடுங்கினாலும் உள்ளே சின்ன பற்றரி ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான். அதை யாருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதேயும். செயலாளரிடம் சொல்லிப் பழைய இயந்திரத்தை எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்லும்.

நீர் அங்கே விடியற்காலையில் போய் இருக்க வேண்டாம். சொன்னால் கேளும். நத்தார்ப் பெருநாளுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போம். அங்கேயே நில்லும்.

நானும் இப்போது இடுப்புக்கு மேலே தண்ணீரில் இறங்குவதில்லை. வயது போகிறது போல.

அன்புடன்
ஞானசுந்தரம்

---

லாசால்
08.01.2006

அன்புள்ள அத்தானுக்கு,

நான் ரொறன்ரோவுக்குப் போகவில்லை. நத்தார்ப் பூசைக்கும் போகவில்லை. உங்கள் கடிதத்தை மேசையில் வைத்து, ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு இருந்தேன்.

"அன்றைக்கு அவள் எடுத்த நேரங்கள்."

எந்த நேரங்கள், அத்தான்? அன்றைக்கு அவளுக்கு ஒருவரும் நேரம் எடுக்கவில்லை. நான் முதலுதவி அறையில், நீங்கள் அலுவலகத்தில். விசாரணை அறிக்கை என்னிடம் இருக்கிறது. மனப்பாடமாகத் தெரியும். பிள்ளை தன்னந்தனியாக மூச்சடக்கி நீந்திப் பார்த்திருக்கிறாள், ஒரு தரம் போய்த் திரும்பும் வழியில் நினைவு தப்பியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் அலுவலகத்தில் போன் கதைத்துக்கொண்டிருந்ததாக உங்கள் வாக்குமூலம். அவளைத் தூக்கிக்கொண்டு நான் நிமிர்ந்தபோது பலகை எரியவில்லை. அதை நானே சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

அப்படியென்றால் 19.64 அவளுடைய நேரம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கேள்வியை எழுதிவிட்டு உடனே தபாலில் போட்டிருக்கலாம். போடவில்லை. முதலில் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று இருந்தது. வெள்ளிக்கிழமை விடிய லூக்கைக் கரையில் இருக்கச் சொன்னேன். "மதாம், எனக்கு இது பிடிக்கேல்லை," என்றார். ஆனாலும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் நீச்சலுடுப்போடு ஆறாவது லேனில் இறங்கி, நடுவில், அவளைத் தூக்கின இடத்தில், போய் நின்றேன். அங்கே எனக்கு நெஞ்சளவு. கைகளைத் தண்ணீருக்குள் விட்டு அசையாமல் நின்றேன்.

ஐந்து இருபதுக்கு வரி எரிந்தது. பத்தாவது செக்கனில் என் முழங்காலுக்குக் கிட்டக் குளிராக ஒன்று தள்ளிக்கொண்டு போனது. தெரியும்தானே, அடுத்த லேனில் ஒருவர் அடியால் போனால் தண்ணீர் எப்படித் தள்ளுமென்று. அப்படி. மேலே ஒரு சுளி இல்லை. சுவரில் கை பட்டது. 19.64. திரும்பி வந்தது, மெதுவாக. என்னைக் கடந்து மற்றப் பக்கம் போனது. தொட்டது. 44.20. அறிக்கையில் இருக்கிற மாதிரி இரண்டாவதோடு முடியவில்லை, அத்தான். மூன்றாம் தரமும் திரும்பினது. வந்துகொண்டே இருந்தது. மிக மெதுவாக வந்தது. என் முழங்கால் வரைக்கும் வந்து, அங்கே நின்றுவிட்டது. போகவில்லை.

நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. குனிந்து தூக்க வேண்டும் போல இருந்தது. தூக்கினால் கையில் ஏதாவது வந்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கவில்லை. லூக் கையைப் பிடித்து ஏற்றினார்.

மூன்றாவது நீளத்துக்கு ஒரு பிள்ளை தானாகத் திரும்பாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் ஐம்பது மீற்றர் போனால் தலையைத் தூக்கிச் சிரிக்கும், "பாத்தனிங்களோ?" என்று கேட்கும். அவளைத் திரும்பச் சொன்ன ஆள் ஒருவர் கரையில் நின்றிருக்க வேணும்.

நீங்களோ?

"ம்" என்று எழுதினாலும் போதும்.

யோசெப்பின்

---

கல்லடி
12.02.2006

யோசெப்பின்,

நான்தான்.

முதலில் இந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு கிழித்தேன். முழுக்க எழுதுகிறேன்.

நீர் மூக்கால் ரத்தம் வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் அலுவலகத்தின் மற்றக் கதவால் கரைக்கு வந்தேன். தனுஷிகா தண்ணீரில் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தாள். முதல் நாள் நான் மாகாணப் போட்டிக்கு ரிலே அணியை அறிவித்தேன், அவள் பெயர் இல்லை. அதனால் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "சேர், நான் என்ன செய்தா என்னைப் போடுவீங்கள்?" என்று கேட்டாள். எனக்கு அது பிடித்தது. அந்த வயதில் கேட்கத் தெரிந்த பிள்ளை. "மூச்செடுக்காமல் மூண்டு நீளம் போ. போனால் போடுறன்," என்றேன். விளையாட்டாகச் சொன்னேன் என்று இரண்டு வருடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு நீளத்துக்கு மேல் அவளால் முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். முடியாமல் வரட்டும், கேட்கிற வாய் அடங்கட்டும் என்று நினைத்தேன்.

நேரப் பலகையைப் போட்டேன். போட்டியிலிருந்து தொடுபலகை தொங்கியபடிதான் இருந்தது. 19.64. அந்த நேரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். 44.20இல் தொட்டபோது தலையைத் தூக்கப் பார்த்தாள். நான் கையால் காட்டினேன், போ என்று. அப்போது அலுவலகத்தில் போன் அடித்தது. ஒரு தகப்பன், மகனுக்குக் காய்ச்சல், வரமாட்டான் என்று சொல்ல. பலகை நேரத்தைக் காட்டும்தானே என்று உள்ளே போனேன். அவருக்கு மகன் என்ன குடிக்க வேண்டும் என்று கூடச் சொன்னேன். உம்முடைய குரல் கேட்டுத்தான் வெளியே வந்தேன்.

இதுதான் நான் ஒருவருக்கும் சொல்லாதது. நான் முதலில் தண்ணீரில் குதிக்கவில்லை. நீர் குதித்துவிட்டீர், உமது முதுகு எனக்குத் தெரிந்தது. நான் முதலில் போய்ப் பலகையை அணைத்தேன். அதற்குப் பிறகுதான் குதித்தேன்.

ஒரு வருடம் நீர் விடிய எழும்பி இருந்து அழுவீர். நான் முதுகைத் தடவி, "உம்முடைய பிழை இல்லை," என்பேன். அந்த ஒரு வருடத்தில் நான் சொன்ன ஒரேயொரு உண்மை அதுதான். சுனாமி வந்ததும், பிள்ளைகளுக்கு உதவப் போகிறேன் என்று எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். விமானம் ஏறும்போது எனக்கு மூச்சு லேசானது. மறைக்க மாட்டேன்.

இதை வாசித்துவிட்டு எரித்துவிடும். பிள்ளை திரும்பி வரப்போவதில்லை. நீர் இங்கே வந்துவிடும். இங்கே அக்காவைத் தவிர ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. முப்பத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பழக்க ஒரு பொம்பிளை வேணும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கரையில் நிற்கலாம். என்னை மன்னிக்க வேண்டாம், வந்தால் போதும்.

அன்புடன், என்றும் உமது
ஞானசுந்தரம்

---

லாசால்
19.03.2006

ஞானசுந்தரத்துக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எரிக்கவில்லை.

முதல் நாள் எனக்குக் கோபம் வரவில்லை. சமைத்துச் சாப்பிட்டேன். வாசலில் இருந்த உங்கள் சப்பாத்தைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினேன். இரண்டு வருடமாக என் நெஞ்சில் இருந்த கல்லைத் தேடிப் பார்த்தேன், அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதுவும் ஒரு மாதிரி நொந்தது. அவளைக் காவலாள் இல்லாமல் இறங்க விட்டது நான். அது என் பிழை, என்னோடு இருக்கும். மற்றது உங்களுடையது.

மூன்றாம் நாள் இந்திராதேவி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னைக் கண்டதும் மூடப் பார்த்தா. "இதை வாசிச்சுப் போட்டு மூடுங்கோ," என்று கடிதத்தை நீட்டினேன். சப்பாத்து அடுக்கியிருந்த இடத்தில் நின்றபடியே வாசித்தா. எல்லாத் தாளும் வாசித்தா. அழவில்லை. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"மூண்டும் போயிருந்தா, ரிலேயில போட்டிருப்பாரோ?"

"தெரியாது, அக்கா," என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியாது.

பிறகு உள்ளே வரச் சொன்னா. பலகை பற்றி, சத்தம் பற்றி, முழங்காலுக்குக் கிட்ட வந்து நிற்பது பற்றி எல்லாம் சொன்னேன். சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன், ஆனால் சொல்லிவிட்டேன். முடிந்ததும், "நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போம்," என்றா.

லூக் கதவைத் திறந்துவிட்டார். இந்திராதேவி வெறுங்காலோடு வந்து, ஆறாவது லேனின் முனையில், ஈரத்தில், அப்படியே நிலத்தில் இருந்தா. மகள் நீந்திவிட்டுத் துடைக்கிற ஊதாத் துவாயை மடியில் விரித்து வைத்திருந்தா. நீச்சல் தெரியாது அவவுக்கு. காலைக்கூடத் தண்ணீரில் வைக்கவில்லை.

வரி எரிந்தது. 19.64. மற்ற முனையில் கை பட்ட சத்தத்துக்கு அவவின் தோள் ஒரு தரம் தூக்கிப் போட்டது. பிறகு 44.20, அவவின் காலடியிலேயே, சுவரில். அந்த நேரம் அவ குனிந்து தண்ணீரைப் பார்த்துச் சொன்னா. வீட்டில், பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற மாதிரித்தான் சொன்னா.

"காணும், அம்மா, போதும். மூண்டாவது வேண்டாம். மேலை வா."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 45. 46. 51இல் நின்றது. வரி அணைந்தது. ஏணிக்குப் பக்கத்தில் தண்ணீர் கொஞ்சம் ஆடி அடங்கியது. இந்திராதேவி துவாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தா. பிறகு அதை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தா. அது நனைந்திருந்ததோ என்று நான் தொட்டுப் பார்க்கவில்லை. லூக் கேட்கப் பார்த்தார், நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு பலகை எரியவில்லை. பதினேழு நாளாகப் போய் இருந்து பார்த்துவிட்டேன். ஒலிவியே ஆறாவதில் தாராளமாக நீந்துகிறான். ஆனால் விடியற்காலையில் அந்தத் தண்ணீர் அவ்வளவு அமைதியாகக் கிடப்பதைப் பார்க்க எனக்கு முதலிருந்ததைவிடப் பயமாக இருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கடிதத்தின் பிரதியை மொழிபெயர்ப்போடு மரண விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டோம். இரண்டு பேரும் சேர்ந்து போனோம். விசாரணையைத் திரும்பத் திறக்கிறார்கள். உங்களுக்குக் கடிதம் வரும். வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாதாம், நீங்களாக வந்தால்தான் உண்டாம். அந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் கயிற்றை வேறு ஆரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கோ. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் இனி நீங்கள் நிற்பது சரியில்லை. நீங்கள் வேலை செய்கிற அந்த நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன், முதலில் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்புக்கு நான் வரமாட்டேன். நீங்கள் இங்கே வந்தால் இந்த வீட்டுக்கும் வர வேண்டாம். விமான நிலையத்துக்கும் நான் வரமாட்டேன்.

இந்திராதேவிக்கு டோர்வல் விமான நிலையத்தில்தான் வேலை, விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில். இரண்டு மணிக்கு வேலை முடியும். நீங்கள் வருகிற நாளை அறிவித்தால், வருகை வாசலில் தான் வந்து நிற்பதாகச் சொல்லச் சொன்னா. உங்கள் முகம் தனக்குத் தெரியுமாம், தேட வேண்டியதில்லையாம்.

யோசெப்பின்